'இன்றைய நவீன உலகில்' என்று தொடங்காதே மக்ளே

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். பெயர் வேண்டாம். நர்சிங் முடித்து ஒன்பது வருடமாகத் தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். இப்போது டயாலிசிஸ் பிரிவில் இருக்கிறாள். அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் சவூதிக்கும் குவைத்துக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். இவளும் இங்கிலாந்து போக வேண்டும் என்று நிற்கிறாள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இது ஒன்றும் புதிய கதை இல்லை. நம் ஒவ்வொருவர் சொந்தத்திலும் இப்படி ஒரு நர்சு இருப்பாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் கையில் ஒரு தாளோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடும் வந்தாள். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு முடிவு. கேட்டல் 7.5, வாசித்தல் 7, பேசுதல் 7, எழுதுதல் 6. இங்கிலாந்தில் நர்சாகப் பதிவு செய்ய மற்ற மூன்றிலும் 7 வேண்டும், எழுதுதலில் 6.5 இருந்தால் போதும். அவளுக்கு எழுதுதலில் அரை மதிப்பெண் குறைகிறது. இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் எழுதுதலில் அதே 6. ஒவ்வொரு தடவையும் கட்டணம் மட்டும் பதினாறாயிரம், பதினேழாயிரம் என்று போயிருக்கிறது. பயிற்சி மையத்துக்குக் கட்டியது தனி. ஒரு ஜோடி வளையல் வங்கியில் இருக்கிறது.

"சாரே, நான் எங்க தப்பு செய்யேன்னே தெரியல்ல. அவங்க சொல்லித் தந்தத அப்படியேதான் எழுதுகேன்" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருந்தது. எனக்கு அது புரிய ஒரு மணி நேரம் ஆயிற்று.

நோட்டைப் பிரித்தேன். பயிற்சிக்கு எழுதிய கட்டுரைகள் 34. நான் 1980 முதல் 2014 வரை மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன். விடைத்தாள் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். நான்காவது கட்டுரைக்கு வரும்போதே முதல் பத்தியைத் தாண்டிப் போக ஆரம்பித்துவிட்டேன். ஏனென்றால் எல்லாம் ஒரே பத்தி. தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட இப்படி வரும்: 'இன்றைய நவீன, போட்டி நிறைந்த, உலகமயமான யுகத்தில் இன்னது என்பது உலகெங்கும் சூடாக விவாதிக்கப்படும் ஒரு பிரச்சினையாகத் தலைதூக்கியுள்ளது. ஒரு சாரார் இதை ஆதரிக்க, மறு சாரார் கடுமையாக எதிர்க்கின்றனர். ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. இக்கட்டுரை இரு தரப்பையும் விரிவாக அலசி, பின்னர் ஒரு தர்க்கபூர்வமான முடிவுக்கு வரும்.'

'இன்னது' என்று நான் எழுதிய இடத்தில் தலைப்பு மாறும். ஒன்றில் பொதுப் போக்குவரத்து, ஒன்றில் விளம்பரங்கள், இன்னொன்றில் முதியோர் இல்லம். மற்றபடி காற்புள்ளி கூட மாறவில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் பெயரை மட்டும் மாற்றி அடிப்பார்களே, அதேபோல. ஆங்கிலத்தில் அதை எண்ணிப் பார்த்தேன், 68 சொல். முடிவுரைக்கும் இப்படியே ஒன்று, அது 40 சொல்லுக்கு மேல். அந்தத் தேர்வில் இந்தக் கட்டுரைக்குக் குறைந்தது 250 சொல் எழுத வேண்டும். அப்படியானால் இந்தப் பெண் தன் சொந்தப் புத்தியால் எழுதுவது ஏறத்தாழ 140 சொல். மீதியை யாரோ எழுதியிருக்கிறார்கள். அதற்கு இவள் மூன்று முறை கட்டணம் கட்டியிருக்கிறாள்.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். எழுத்துப் பகுதி மொத்தம் 60 நிமிடம், இரண்டு வேலை. முதல் வேலைக்கு 20 நிமிடமும் 150 சொல்லும். அகடமிக் வகையில் அது ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ விவரிப்பது. இரண்டாவதுதான் கட்டுரை, 40 நிமிடம். அதற்கு இரட்டை மதிப்பு. திருத்துகிறவர் நாலு விஷயம் பார்க்கிறார்: கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறதா, சிந்தனை கோவையாக ஓடுகிறதா, சொல்வளம், இலக்கணம். நாலுக்கும் சமமான எடை. எந்த அளவுக்கு எந்த மதிப்பெண் என்பதை அவர்களே விளக்கமாக வெளியிட்டிருக்கிறார்கள், இணையத்தில் எவரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். நான் அச்செடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். 'முன்னுரைக்கு இத்தனை மதிப்பெண்' என்று அதில் எங்குமே இல்லை. மாறாக, வினாத்தாளில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதினால் அது கணக்கில் சேராது என்றிருக்கிறது. மனப்பாடம் செய்த தொடர்களைப் பொருத்தமில்லாமல் போடுவது கீழ்ப்படிகளின் அடையாளமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மேல்படிக்குப் போகப் போக அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது, எழுதுகிறவரின் நிலைப்பாடு தெளிவாக இருக்கிறதா என்பதைத்தான்.

இதைப் படித்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. பயிற்சி மையத்தில் விற்பது என்ன? தேர்வு வைக்கிறவன் எதைக் குறை என்று எழுதி வைத்திருக்கிறானோ அதையே அழகாகத் தட்டச்சு செய்து, சுருள் பைண்டிங் போட்டு, 'மெட்டீரியல்' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து செட்டிகுளம் வரைக்கும் நடந்து பாருங்கள். சுவருக்குச் சுவர் 'ஏழு நிச்சயம்' என்று ஒட்டியிருக்கிறது. நிச்சயமாம்! மூட்டுவலி எண்ணெய்க்காரன் கூட 'பலன் நபருக்கு நபர் மாறும்' என்று பொடி எழுத்திலாவது போடுகிறான்.

அவள் நோட்டிலிருந்து ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்கிறேன். 'நோய் வந்தபின் சிகிச்சைக்குச் செலவிடுவதைவிட, நோய் வராமல் தடுக்கவே அரசாங்கம் அதிகம் செலவிட வேண்டும். இதை எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்கள்?' என்பது வினா. சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் சிறுநீரகத்தைப் பறிகொடுத்தவர்களின் நடுவே தினமும் எட்டு மணி நேரம் நிற்கிறவளிடம் இந்தக் கேள்வி. இவளைவிட நன்றாக யார் பதில் சொல்ல முடியும்? அவள் எழுதியிருந்தது: 'இன்றைய நவீன, போட்டி நிறைந்த யுகத்தில் ஆரோக்கியம் என்பது சூடாக விவாதிக்கப்படும் ஒரு பிரச்சினை...'

ஆரோக்கியத்தை யார் அம்மா விவாதிக்கிறார்கள்? ஆரோக்கியம் வேண்டாம் என்று கட்சி கட்டியவன் எவன்?

அதைவிடப் பெரிய தவறு கடைசி வரியில் இருந்தது. 'இக்கட்டுரை இரு தரப்பையும் அலசும்' என்று. வினா இரு தரப்பையும் அலசச் சொல்லவே இல்லை. நீ எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறாய் என்று கேட்டது. இந்தத் தேர்வில் வினாக்கள் பல விதமாக வரும். ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்பது ஒரு விதம். இரண்டு கருத்தையும் சொல்லி உன் கருத்தையும் சொல் என்பது இன்னொன்று. நன்மை தீமையை எடைபோடச் சொல்வது, காரணத்தையும் தீர்வையும் கேட்பது, இரண்டு நேரடிக் கேள்விகளை ஒன்றாகப் போடுவது என்று மற்றவை. ஒவ்வொன்றுக்கும் முதல் பத்தியில் செய்ய வேண்டிய வேலை வேறு. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்று இவளிடம் கொடுத்திருக்கிறார்கள். வினாவைப் படிக்கும் முன்னாலேயே எழுதி முடிக்கப்பட்ட முன்னுரை எந்த வினாவுக்குப் பதில் சொல்லும்?

முதல் பத்தியில் தன் கருத்தைச் சொல்லாமல் 'பின்னர் முடிவுக்கு வருவேன்' என்று போக்குக் காட்டிவிட்டு, நடுவில் இந்தப் பக்கம் ஒரு பத்தி, அந்தப் பக்கம் ஒரு பத்தி எழுதிவிட்டு, கடைசியில் 'எனவே அரசாங்கம் சமநிலை காண வேண்டும்' என்று முடித்திருந்தாள். ஊராட்சித் தலைவர் மேடையில் பேசுகிற மாதிரி, யாருக்கும் நோகாமல்.

இன்னொரு கூத்தும் சொல்ல வேண்டும். வினாவில் உள்ள சொல்லை அப்படியே எழுதக் கூடாது என்பது உண்மை. ஆனால் இவர்களுக்குச் சொல்லித் தருவது என்னவென்றால், ஒவ்வொரு சொல்லுக்கும் பதிலாக அகராதியிலிருந்து ஒரு பெரிய சொல்லைத் தூக்கிப் போடு என்று. 'பீப்பிள்' என்று வந்தால் 'டெனிசன்ஸ்'. 'மெனி' என்றால் 'பிளெத்தோரா'. 'சில்ட்ரன்' என்று இருந்த இடத்தில் 'ஜுவனைல்ஸ்' என்று போட்டிருந்தாள். அந்தச் சொல்லைக் கேட்டால் இங்கிலீஷ்காரனுக்குச் சீர்திருத்தப் பள்ளிதான் முதலில் ஞாபகம் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுப்பதைப் பற்றிய கட்டுரை அது! தமிழில் 'குழந்தைகள்' என்பதற்குப் பதிலாக 'இளங்குற்றவாளிகள்' என்று எழுதினால் நாம் என்ன நினைப்போமோ அதைத்தான் அவனும் நினைப்பான். திருப்பிச் சொல்வது என்றால் பொருளை வாங்கிக்கொண்டு உன் வாயால் சொல்வது. பக்கத்து வீட்டில் கேட்ட சேதியை நம் வீட்டில் வந்து சொல்லும்போது நாம் சொல்லுக்குச் சொல் மாற்றியா சொல்கிறோம்?

இந்த ஆயத்தச் சொற்றொடர் நோய் நம்முடையது மட்டும் அல்ல. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் அரசியலையும் ஆங்கில மொழியையும் பற்றி எழுதிய கட்டுரையில் இதைத்தான் போட்டுச் சாத்தினார். யோசிக்கிற சிரமத்தைத் தவிர்க்க, ஏற்கெனவே செய்து வைத்த துண்டுகளை ஒட்டி எழுதும் பழக்கம் என்று. ஆனால் நம்மிடம் அதற்குத் தனி வேர் இருக்கிறது. 'அறிவியல் வரமா சாபமா' என்று எட்டாம் வகுப்பிலிருந்து எழுதி வருகிறோமே, அந்த வேர். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கோடு போட்டு, முன்னுரைக்கு நாலு வரி பொன்மொழி, முடிவுரைக்கு நாலு வரி உறுதிமொழி. நடுவில் என்ன எழுதினாலும் சரி.

பழந்தமிழ் மரபு இப்படி இல்லை. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலில் பாயிரத்துக்கு இலக்கணம் சொன்னார். சிறப்புப் பாயிரத்தில் எட்டு விஷயம் இருக்க வேண்டும் என்றார். எழுதியவன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, அது சொல்ல வந்த பொருள், யார் கேட்பதற்கு, கேட்டால் என்ன பயன். எட்டில் ஒன்று கூட அலங்காரம் இல்லை. எல்லாம் வாசகன் கேட்கக்கூடிய கேள்விக்குப் பதில். வித்துவான் படித்த என் தமிழாசிரிய நண்பர் ஒருவர் ஓய்வறையில் இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார். அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இங்கிலீஷ் வாத்தியாருக்கு நன்னூல் எதற்கு என்ற திமிர்.

இந்தக் கோபத்தோடு நான் அந்தப் பயிற்சி மையத்துக்கே போனேன். எழுபது வயதுக்கு மேல் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். போனேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றால், உள்ளிருந்து எழுந்து வந்தவன் என் பழைய மாணவன். எண்பதுகளின் கடைசியில் என்னிடம் பிளஸ் டூ படித்தவன். "சார், வாங்க சார், இருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ வாங்கி வரச் சொன்னான். நான் நோட்டைக் காட்டி, இந்த முன்னுரையை எங்கிருந்தடா பிடித்தாய் என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். கேலி இல்லை, உண்மையான பாசத்தோடு சிரித்தான். "மறந்துட்டீங்களா சார்? இது நீங்க எங்களுக்கு போர்டுல எழுதிப் போட்டதுதான். ஜெனரல் எஸ்ஸேக்கு எதுக்கும் பொருந்தும், மனப்பாடம் பண்ணுங்கடான்னு சொன்னீங்க. நான் 'குளோபலைஸ்டு' மட்டும்தான் சேத்தேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

உண்மைதான். நான் எழுதிப் போட்டேன். ஒரு வகுப்பில் அறுபது எழுபது பிள்ளைகள். பாதிப் பேர் தோவாளைப் பக்கத்திலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் வருகிறவர்கள், வீட்டில் ஆங்கிலம் வாசித்த தலைமுறை இல்லை. காலியாக விட்டுவிட்டு வருவதற்கு ஐந்து வரி எழுதினால் இரண்டு மதிப்பெண் கிடைக்குமே என்ற எண்ணம். அது நல்லெண்ணம்தான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த ஐந்து வரியைக் கற்றுக்கொடுத்த அளவுக்கு, 'இந்தத் தலைப்பைப் பற்றி நீ என்னடா நினைக்கிறாய்' என்று நான் எத்தனை பேரிடம் கேட்டேன்? கை விரலுக்குள் அடங்கும்.

அதைவிட வெட்கமான ஒன்றைச் சொல்கிறேன். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போவோம். வேறு மாவட்டத்துத் தாள் வரும். ஒரு கட்டில் எல்லாம் ஒரே மையத்துத் தாளாக இருக்கும். ஒரு வருடம் ஒரு கட்டு முழுக்க எல்லாரும் ஒரே முன்னுரை. என்னைப் போலவே எங்கோ ஒரு வாத்தியார் எழுதிப் போட்டது. முதல் இரண்டு தாளில் படித்தேன். அப்புறம் அந்தப் பத்தியின் மேல் என் கண் நிற்கவே இல்லை. நேரே அடுத்த பத்திக்குப் போய், அங்கே தடுமாறுகிறானா என்று பார்த்து, ஒரு சராசரி மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அந்தப் பிள்ளைகளில் எவனாவது ஒருவன் சொந்தமாக நல்லதாக ஒரு வரி எழுதியிருந்தால் அதையும் நான் கடந்து போயிருப்பேன். அவன் தனி ஆள் என்று எனக்குத் தெரியக் காரணமே இல்லாமல் அந்த முன்னுரை செய்துவிட்டது. இங்கிலீஷ் தேர்வைத் திருத்துகிற அந்த ஊர்க்காரரும் மனிதர்தானே. அவருக்கும் கண் அப்படித்தான் ஓடும்.

என் மாணவன் தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னான். அதையும் எழுதாமல் விடக் கூடாது. "சார், எங்கிட்ட வர்றவங்க எட்டு வாரத்துல முடிக்கணும்ங்காங்க. சிலருக்கு ஒரு வாக்கியம் ஒழுங்கா வராது. ஏதாவது கையில குடுக்கலன்னா அந்த நாப்பது நிமிஷத்துல பேனாவே நகராது. பெத்தவங்க முதல் நாளே கேக்கறது என்ன தெரியுமா? மெட்டீரியல் உண்டா? யோசிக்கச் சொல்லித் தர்றேன்னா ஒருத்தன் வர மாட்டான். அடுத்த மாடிக்குப் போயிருவான்."

பெற்றோரைப் பற்றி அவன் சொன்னது சரி. அது நம்மைத்தான். நாம்தான் பேரனைச் சேர்க்கும்போது புத்தகம் எத்தனை தருவார்கள் என்று எடை பார்க்கிறோம். வாக்கியமே வராத பிள்ளைக்கு ஒரு ஊன்றுகோல் வேண்டும் என்பதும் சரி. அப்படிப்பட்டவனை அது ஐந்துக்கோ ஐந்தரைக்கோ கொண்டு போய் நிறுத்தலாம். ஆனால் இந்தப் பெண்ணுக்குக் கால் நன்றாக இருக்கிறது. பேசுதலில் ஏழு வாங்கியவள். நன்றாக நடக்கிறவள் கையில் ஊன்றுகோலைக் கொடுத்து, அதை ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்று பழக்கி, மூன்று முறை அரை அடியில் தடுக்கி விழ வைத்தது என்ன நியாயம்? எட்டு வாரத்தில் முடியாது என்றால் முடியாது என்று சொல்ல வேண்டும். சுவரில் 'நிச்சயம்' என்று ஒட்டிவிட்டு, தேறாதவளிடம் 'இன்னும் நல்லா மனப்பாடம் பண்ணணும்' என்று சொல்லி அடுத்த தொகுதிக்குப் பணம் வாங்குவது வாத்தியார் வேலை இல்லை. இதை அவன் முகத்துக்கு நேரேதான் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். சுவரொட்டியைக் கிழிப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வாடகை கட்ட வேண்டும், மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

நர்சுக்கு எதற்கு இந்தக் கட்டுரை, ஊசி போடத் தெரிந்தால் போதாதா என்று நடைப்பயிற்சி நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மருத்துவத் துறையினருக்கென்றே ஓ.இ.டி. என்று இன்னொரு தேர்வு உண்டு. அதில் எழுத்துப் பகுதி ஒரு நோயாளியைப் பற்றிய கடிதம். நர்சுக்கு அது பொருத்தமும் கூட. ஆனால் கட்டணம் இதைவிட அதிகம். இவளால் இப்போது முடியாது. மேலும், ஒரு நோயாளியின் நிலையை அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைக்கிறவள் முதல் வரியிலேயே விஷயத்துக்கு வர வேண்டாமா? 'இன்றைய நவீன யுகத்தில் நான்காம் படுக்கைக்காரரின் ரத்த அழுத்தம் ஒரு சூடான பிரச்சினையாகத் தலைதூக்கியுள்ளது' என்றா எழுதுவாள்? அவளிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டாள். மூன்று தோல்விக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் அந்த நோய்த் தடுப்பு வினாவையே எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "எழுதாண்டாம். வாயால சொல்லு மக்ளே. அரசாங்கம் எதுக்குச் செலவு பண்ணணும்?" என்றேன்.

ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்குச் செலவு பண்ணாண்டாம்னு சொல்ல முடியாது சாரே. இப்பம் மிஷின்ல கிடக்கவங்கள என்ன செய்ய? ஆனா எங்கிட்ட வாறவங்கள்ல எத்தனையோ பேருக்கு, சுகர் இருக்குன்னே ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சிருக்கு. முன்னாலயே ஊருக்குள்ள போய் டெஸ்ட் பண்ணியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. வாரத்துக்கு மூணு நாளு வரணும். பஸ் காசுக்கே கஷ்டப்படுகாங்க."

இதுதான் முன்னுரை. இதில் நிலைப்பாடு இருக்கிறது. எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறாள் என்பது இருக்கிறது: பெரும்பாலும் ஆம், ஆனால் முழுக்க இல்லை. அடுத்து வரப்போகும் இரண்டு பத்திகளுக்கான காரணமும் இருக்கிறது: தாமதமாகக் கண்டுபிடிப்பது, ஏழைகள் மேல் விழும் சுமை. இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். எழுதினாள். தமிழில் அதன் பொருள் இவ்வளவுதான்: 'ஏற்கெனவே நோயுற்றவர்களைக் கைவிட முடியாது என்றாலும், அரசின் மருத்துவச் செலவில் பெரும்பகுதி நோயை முன்கூட்டியே கண்டறிவதற்குப் போக வேண்டும் என்று நினைக்கிறேன். சர்க்கரை போன்ற நோய்கள் தாமதமாகத் தெரியும்போது சிகிச்சை கடினமாகிறது, அதன் சுமை ஏழைகள் மேல்தான் அதிகம் விழுகிறது.' இரண்டே வாக்கியம். ஆங்கிலத்தில் ஐம்பது சொல் கூட வரவில்லை. ஒரு 'தி' விட்டுப் போயிருந்தது, ஓர் இடத்தில் ஒருமை பன்மை தவறு. திருத்தினோம். பிளெத்தோரா இல்லை, நாணயம் இல்லை.

முக்கியமாக, இதை எழுதியபின் அடுத்த பத்தியில் என்ன எழுதுவது என்று அவள் கேட்கவில்லை. முன்னுரையே சொல்லிவிட்டது. பழைய முறையில் 68 சொல்லை மளமளவென்று எழுதிவிட்டு, அதன்பின் நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்ப்பாளாம். நாற்பது நிமிடத்தில் பத்து நிமிடம் அப்படியே போய்விடும் என்றாள். அந்தப் பத்து நிமிடத்தை முன்னால் கொண்டு வா என்றேன். வினாவை இரண்டு தரம் படி, அது என்ன கேட்கிறது என்று பார், உன் பதில் என்ன, இரண்டு காரணம் என்ன என்று கிறுக்கிக்கொள், அதன்பின் எழுது. இதற்கு மேல் என்னிடம் வித்தை எதுவும் இல்லை. இதைச் சொல்லிக் கொடுக்க ஒருவருக்கு முப்பத்துநாலு வருட அனுபவமும் தேவை இல்லை. ஆனால் முப்பத்துநாலு வருடம் நான் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எல்லா வினாவும் டயாலிசிஸ் பற்றி வராது என்பது எனக்கும் தெரியும். அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் வைக்கலாமா என்று கேட்பான், விண்வெளிக்குச் செலவு செய்யலாமா என்பான். "அதப் பத்தி எனக்கு என்ன கருத்து சாரே இருக்கு?" என்று கேட்டாள். போன வாரம் முழுக்க அதைத்தான் செய்தோம். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளியில் கூட்டிப் போனார்களா, டிக்கெட் எடுக்க வீட்டில் காசு கேட்டபோது அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினாள். அதிலிருந்து ஒரு நிலைப்பாடும் இரண்டு காரணமும் எடுக்க அவளுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. விண்வெளி மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிற நிலையம் இங்கிருந்து எத்தனை தூரம், உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா என்று கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். நைட் டூட்டி முடித்து நேரே வந்திருந்தாள். அப்புறம் என் மனைவி வந்து என்னைச் சத்தம் போட்டாள்.

அடுத்த மாதம் நாலாவது தடவை எழுதுகிறாள். பணம் கட்டியாயிற்று. பழைய நோட்டை என் மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வருவாள். பொதுப் போக்குவரத்தைப் பற்றி ஒரு வினா எடுத்து வைத்திருக்கிறேன். பேனாவும் என் பையில்தான் இருக்கிறது.